ஃப்ரீஸ் ட்ரைட் பழப்பொடி: மெத்து குக்கீக்கு வாங்கலாமா?

ஃப்ரீஸ் ட்ரைட் ஸ்ட்ராபெரி பொடி 100 கிராம் பாக்கெட் எனக்கு 400 ரூபாயை ஒட்டி வந்தது. ஸ்ட்ராபெரி எசன்ஸ் ஒரு சின்ன சீசா திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் கேக் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் அதில் ஆறில் ஒரு பங்குக்குக் கிடைக்கும், மாதக் கணக்கில் வரும். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே குக்கீ சுட்டுக் கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த விலை வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ஆர்டர் கொடுக்கிறவர்களும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சுடுகிற சிநேகிதிகளும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: அந்தப் பொடி அவ்வளவு காசுக்குப் பெறுமா?

ஸ்ட்ராபெரிக்கும் நாவலுக்கும் பெறும். மாம்பழத்துக்கும் எலுமிச்சைக்கும் வாழைக்கும் பெறாது. நம்ம சீமையில் விளைகிற இந்த மூன்றுக்கும் பொடியைவிட நல்ல வழிகள் நம்ம கையிலேயே இருக்கின்றன. கொடைக்கானலிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் பஸ் ஏறி நசுங்கி வருகிற ஸ்ட்ராபெரிக்கும், சில வாரமே வந்து போகிற நாவலுக்கும்தான் இந்தப் பொடி தேவைப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் பொடி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழத்தை உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைப்பார்கள். அங்கே பனிக்கட்டி தண்ணீராக உருகாமல் நேராக ஆவியாகப் போய்விடும். அதிகச் சூடு படாததால் பழத்தின் வாசனையும் புளிப்பும் நிறமும் பெரும்பாலும் அப்படியே தங்கும். மொறுமொறுவென்று இருக்கிற அந்தத் துண்டை அரைத்தால் பொடி. ஸ்ட்ராபெரியில் 100க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். அதனால் 100 கிராம் பொடி என்பது ஏறக்குறைய ஒரு கிலோ பழம். இப்படிப் பார்த்தால் 400 ரூபாய் அநியாய விலையில்லை.

பாக்கெட்டை வெட்டியதும் மூக்கில் ஏறுவது ஜாம் வாசனையோ ஐஸ்கிரீம் வாசனையோ இல்லை. பழுத்த பழத்தின் பச்சை வாசனை, கொஞ்சம் இலை வாசனைகூடக் கலந்திருக்கும். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தால் முதலில் மாவாக ஒட்டும், அடுத்த நொடி எச்சில் பட்டுக் கரைந்து கன்னத்து உள்பக்கம் சுருக்கென்று இழுக்கும். அந்தப் புளிப்பு வந்தால் நல்ல பொடி. இனிப்பு மட்டும் வந்து, புளிப்பு வராமல், நாக்கில் வழுவழுவென்று ஒரு படலம் நின்றால் அது வேறு சரக்கு.

அந்த வேறு சரக்கைப் பற்றி அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'ஸ்ட்ராபெரி பவுடர்' என்று வாங்கினேன். முன்பக்கம் முழுக்கப் பழத்தின் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின், சர்க்கரை, ஸ்ட்ராபெரி சாறு, நிறமூட்டி, மணமூட்டி என்று அந்த வரிசையில் இருந்தது. விற்பனைப் பக்கத்தில் இந்தப் பட்டியல் இல்லவே இல்லை. பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுதான் எடையில் அதிகம். ஆக அது மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துப் பொடியில் கொஞ்சம் பழச்சாறு காட்டிய சரக்கு. சாறைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்துகிற முறை அது. சாறில் சர்க்கரை இருப்பதால் எந்திரத்துச் சுவரில் ஒட்டும், ஒட்டாமலிருக்க மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பார்கள். சர்பத்துக்கும் மில்க் ஷேக்குக்கும் அது போதும். குக்கீயில் போட்டால் மாவு ஜவ்வாகி, சுட்டபின் பழ வாசனை தேடினாலும் கிடைக்காது. திருப்பி அனுப்பக் கேட்டேன், உணவுப் பொருள் திரும்ப எடுப்பதில்லை என்று பதில் வந்தது. பின்பக்கத்தைப் படம் பிடித்துப் போடாத விற்பனையாளரிடம் இப்போதெல்லாம் வாங்குவதில்லை. பட்டியலில் ஒரே ஒரு சொல், பழத்தின் பெயர் மட்டும், இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் வாங்கலாம்.

சரி, பழத்தையே அரைத்துப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். மெத்து குக்கீ என்பதே தண்ணீரின் அளவில் நிற்கிற பண்டம். வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீர், முட்டையில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் மாவு தாங்கும். அதில் பழக்கூழ் அரைக் கிண்ணம் ஊற்றினால் மாவு தளர்ந்துவிடும். தளர்வை ஈடுகட்ட மைதாவை அள்ளிப் போட்டால் வெந்து வருவது குக்கீ இல்லை, தட்டையான கேக். வாயில் போட்டால் பஞ்சாக உதிரும். நாம் தேடுகிறது வேறு. ஓரம் லேசாகக் கடிபட வேண்டும், நடுவில் பல் மெத்தென்று இறங்கி ஒரு இழுவையோடு விட வேண்டும். பொடியில் தண்ணீர் இல்லாததால் பழம் உள்ளே போகும், ஈரம் ஏறாது. இந்தப் பொடிக்கு உள்ள பெரிய மதிப்பு இதுதான்.

எசன்ஸ் ஈரத்தைக் கூட்டாது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதில் மணம் மட்டும்தான் உண்டு, புளிப்பு இல்லை. சுடும்போது அந்த மணத்திலும் பாதி ஆவியாகி, வீடு முழுக்க மணக்கும், குக்கீயில் மணக்காது. போதாதென்று இன்னும் நாலு சொட்டு விட்டால் மாத்திரை டப்பா வாசனை வந்துவிடும். கஸ்டர்ட் பொடி போட்டுச் சுடுகிறவர்களும் உண்டு. கஸ்டர்ட் பொடி என்பது சோளமாவில் நிறமும் மணமும் சேர்த்தது. சோளமாவு குக்கீயை மெத்தென்று ஆக்கும் என்பதால் அமைப்பு நன்றாகவே வரும். பழம் என்று சொல்லிக் கொடுக்க எனக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

இப்போது என் அளவு. மைதா 180 கிராம், சோளமாவு 15 கிராம், ஸ்ட்ராபெரி பொடி 25 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, உப்பு இரண்டு சிட்டிகை. இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சலித்துக்கொள்ள வேண்டும். வெண்ணெய் 110 கிராம், சர்க்கரை 130 கிராம், முட்டை ஒன்று, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. 40 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 12 வரும். தராசு இல்லாமல் கிண்ணக் கணக்கில் செய்ய வேண்டாம். பொடி அமுங்கும் பொருள், ஒரே கரண்டி ஒரு நாள் 6 கிராம் காட்டும், இன்னொரு நாள் 9 காட்டும்.

சைவ வீடுகளுக்கு முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 50 கிராம் போடுகிறேன். துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்த தயிராக இருக்க வேண்டும். ஸ்ட்ராபெரி குக்கீக்கு முட்டையைவிடத் தயிர் நன்றாக ஒத்துப்போகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் புளிப்பு.

அந்தப் புளிப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொடி வாங்கிய பலரும் குறை சொல்வது நிறத்தைத்தான். பிசையும்போது ரோஜா நிறத்தில் இருந்த மாவு, வெந்ததும் சாம்பல் பூத்து, ஊதா கலந்த பழுப்பாக வந்துவிட்டது, பொடி போலி என்கிறார்கள். பொடியில் பிழை இல்லை. ஸ்ட்ராபெரியின் சிவப்பு ஆந்தோசயனின் என்கிற நிறமி. புளிப்பில் அது சிவப்பாக இருக்கும், காரத்தன்மை ஏறினால் நீலத்துக்கும் சாம்பலுக்கும் போய்விடும். சமையல் சோடா காரம். இணையத்துச் செய்முறைகளில் பாதி, சாக்லேட் குக்கீ அளவை எடுத்து அப்படியே சோடாவோடு போட்டவை. ஸ்ட்ராபெரிக்கும் நாவலுக்கும் சோடாவே வேண்டாம். தன் புளிப்பையும் தானே கொண்டு வருகிற பேக்கிங் பவுடர் போதும். மேலே சொன்ன ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு நிறத்துக்குக் காவல். புளிப்பு இருந்தால் குக்கீ சீக்கிரம் சிவந்து போகாமல் வெளிறியே நிற்கும் என்பது இன்னொரு லாபம். கடையில் விற்கிற கண்ணைப் பறிக்கும் ரோஸ் இதில் வராது. மங்கிய செந்நிறம்தான், பழைய செங்கல் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பிறந்த நாளுக்குப் பளிச்சென்று வேண்டும் என்கிறவர்களிடம் நிறம் சேர்க்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது வெண்ணெய். செய்முறை எழுதுகிற குளிர் நாட்டுக்காரர்கள் 'அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் அறை 20 டிகிரி. சித்திரையில் பாளையங்கோட்டை 38, 40 என்று போகிறது. வெண்ணெய் 32 டிகிரியிலிருந்தே உருக ஆரம்பிக்கும். வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளைக்குத் தலை பின்னி முடிப்பதற்குள் கிண்ணத்தின் அடியில் எண்ணெய் நிற்கும். அப்படி உருகியதைச் சர்க்கரையோடு அடித்தால் காற்று பிடிக்காது. தட்டில் வைத்ததும் தோசையாகப் பரவிவிடும். நான் வெண்ணெயை ஃபிரிஜிலிருந்து எடுத்த கையோடு சின்னச் சதுரமாக வெட்டி, சர்க்கரையோடு சேர்த்து உடனே அடிக்கிறேன். அடிக்கிற வேகத்திலேயே அது இளகிவிடும். வெளுத்து, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்கிற பதம் வந்ததும் முட்டையும் சாறும். அப்புறம் மாவுக் கலவையைக் கொட்டி, வெள்ளை தெரியாத அளவுக்கு மட்டும் கிளறி நிறுத்திவிட வேண்டும். உருட்டிய உருண்டைகளை ஃபிரிஜில் ஒரு மணி நேரமாவது வைக்காமல் தட்டில் வைக்கக் கூடாது. இந்த ஒரு மணி நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பழப்பொடி மாவிலுள்ள ஈரத்தை மெல்லக் குடித்து ஊறும். ஊறாத மாவைச் சுட்டால் கடிக்கும்போது மணல் மாதிரி நெருடும்.

ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார ஓவனில் 170 டிகிரி, மேலும் கீழும் கம்பி எரிய வேண்டும், தட்டு நடு அடுக்கில். 10 நிமிடம், மிஞ்சினால் 11. திருகு 170 என்று காட்டுவதை நம்பிவிட வேண்டாம், ஓவன் தெர்மாமீட்டர் தனியாகக் கிடைக்கிறது, அதை உள்ளே தொங்கவிட்டுப் பாருங்கள். எட்டாவது நிமிடத்திலிருந்து கண்ணாடியை விட்டு நகராமல் நில்லுங்கள். முதலில் உருண்டை மழமழவென்று மின்னிக்கொண்டு இறங்கும். பிறகு ஓரத்தில் அந்த மினுமினுப்பு செத்து, மங்கலாக ஒரு வளையம் தோன்றும். வளையம் உள்ளே நகர்ந்து நகர்ந்து வரும். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஈரப் பளபளப்பு மிச்சம் இருக்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். பார்ப்பதற்கு வேகாத மாதிரியேதான் இருக்கும். விரலால் தொட்டால் பள்ளம் விழும். தட்டிலிருந்து எடுக்காமல் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள், தட்டின் சூட்டில் நடு தானே இறுகும். அடியில் பட்டர் பேப்பரோடு உரிந்து வருகிறதா என்று ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் ஆயிற்று. நடுவும் காய்ந்தபின் எடுத்தால், ஆறியதும் கடகடவென்ற பிஸ்கட் கிடைக்கும். அது வேண்டுமென்றால் பேக்கரி டீ பிஸ்கட்டே போதுமே, அரைக் கிலோ வாங்கிவிடலாம்.

எங்கள் ஆச்சி எந்த பிஸ்கட்டையும் காப்பியில் முக்காமல் தின்றதில்லை, பல் ஒத்துழைப்பதில்லை. ஸ்ட்ராபெரி குக்கீயை எடுத்து வழக்கம்போல முக்கப் போனவர்கள், விரலில் அது வளைவதைப் பார்த்து அப்படியே வாயில் போட்டார்கள். மென்று முடித்து, "ஏட்டி, இது என்ன பழம்? புளிச்சாப்புல இருக்கு, நல்லா இருக்கு. இன்னும் ஒண்ணு தா" என்றார்கள். ஸ்ட்ராபெரியை அதற்கு முன் தின்றறியாத ஒருவருக்கு, இது பழம் என்று சொல்லாமலே தெரிந்தது. எசன்ஸ் போட்ட குக்கீயை இதே ஆச்சி "பவுடர் வாசம் அடிக்கி" என்று ஒதுக்கியிருக்கிறார்கள். என் கணக்கில் அந்தப் பொடியின் தரத்துக்கு இதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

மாம்பழப் பொடிக்கு வருகிறேன். அதே முறையில் உலர்த்திய, வேறெதுவும் சேர்க்காத நல்ல பொடிதான். வாசனை பாக்கெட்டில் தூக்கலாக இருந்தது, குக்கீயில் இறங்கவில்லை. மாம்பழத்தில் ஸ்ட்ராபெரி அளவுக்குப் புளிப்பு கிடையாது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து அந்த மென்மையான மணத்தை அமுக்கிவிடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் பால்கோவா வாசனையுள்ள குக்கீ என்றுதான் சொல்லத் தோன்றும். அளவை இரட்டிப்பாக்கினால் மணம் கொஞ்சம் வருகிறது, ஆனால் பொடியின் சர்க்கரை அடியில் கருகுகிறது, விலையும் கட்டாது.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் பாளை மார்க்கெட்டுக்கு வரும்போது நன்றாகப் பழுத்ததாக வாங்கி, கூழ் எடுத்து, அடிகனமான சட்டியில் சிறு தீயில் வற்றவிடுங்கள். சர்க்கரை வேண்டாம். கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, கூழ் மெதுவாகத் திரும்பி வந்து மூட வேண்டும், அந்தப் பதம். ஒரு கிண்ணம் கூழ் கால் கிண்ணமாகும். மணம் செறிந்து, கொஞ்சம் புளிப்பும் தலை காட்டும். மாவில் முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் போட்டு, வெள்ளைக் கருவுக்குப் பதில் இந்த வற்றல் கூழ் 35 கிராம். மீதியை உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் குழித்து ஒரு பொட்டு வைத்துச் சுட்டால், கடிக்கிற இடத்தில் மாம்பழம் தனியாகத் தெரியும். வற்றிய கூழை ஐஸ் தட்டில் உறைய வைத்தால் ஆடி மாதம் வரை எனக்கு வருகிறது. பொடி தொட முடியாத தூரம் இது.

எலுமிச்சைப் பொடி வாங்கவே வாங்காதீர்கள். புளியங்குடி எலுமிச்சை கைக்கெட்டுகிற தூரத்தில் விளையும்போது பாக்கெட்டில் காசு போடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எலுமிச்சையின் மணம் சாற்றில் இல்லை, தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. நம்ம எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு. துருவியை அழுத்தினால் வெள்ளைச் சதை வந்து கசக்கும், அதனால் பழத்தைச் சுழற்றிக்கொண்டே மேலோடு ஒரே இழுப்பு மட்டும் இழுக்க வேண்டும். நாலு பழத்தின் துருவலை 130 கிராம் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் கசக்குங்கள். ஒரு நிமிடத்தில் சர்க்கரை ஈர மணல் பதத்துக்கு வந்து, இளம் பச்சையாகிவிடும். கையைக் கழுவினாலும் மணம் போகாது. அந்தச் சர்க்கரையில் வெண்ணெயை அடித்துச் செய்கிற குக்கீயைத்தான் என்னிடம் ஆர்டர் கொடுக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் ஸ்ட்ராபெரியில் கால்வாசிச் செலவுகூட இல்லை. இதற்குச் சாறு ஒரு மேசைக்கரண்டி, சோடா கால் தேக்கரண்டி சேர்க்கலாம். நிறம் மாறுமே என்ற கவலை இங்கே இல்லை.

வாழைக்குச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். கடையில் விற்கிற ஏத்தங்காய்ப் பொடி, அதாவது நேந்திரங்காய்ப் பொடி, பச்சைப்பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சுகிற காய்ப் பொடி, அதில் பழ வாசனை இருக்காது. பழத்தை உலர்த்திய பொடி வேறு, அது தனியாகக் கிடைக்கிறது, சுவையும் மோசமில்லை. ஆனால் களக்காட்டு ஏத்தம்பழம் தோல் கறுக்கப் பழுத்ததாக ஒன்று இருந்தால் போதும். அதை மசித்து நெய்யில் வதக்கி, உடன்குடிக் கருப்பட்டியை உருக்கி வடிகட்டிக் கெட்டிப் பாகாக வற்றவைத்துச் சர்க்கரைக்குப் பதில் சேர்த்துச் சுட்டுப் பாருங்கள். கருப்பட்டி ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கிற பொருள். அந்தக் குக்கீ மூன்றாம் நாள்தான் முதல் நாளைவிட மெத்தென்று இருக்கும். என் மதினிக்கு இந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் குக்கீயே இல்லை.

நாவல் பொடி இந்த எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்தது. ஆனியில் ஒரு சில வாரம் கூடையில் வந்து போகிற பழம் அது. கொட்டை பெரிது, சதை கொஞ்சம், கூழெடுக்கிற பாடு பெரும்பாடு. பொடியாக அது வருஷம் முழுக்கக் கிடைக்கிறது என்பதே பெரிய காரியம். அந்தத் துவர்ப்பு வெண்ணெயோடு சேரும்போது வேறு எந்தப் பழத்திலும் வராத ஒரு ருசி வருகிறது. தின்று முடித்த பிறகும் நாக்கில் கொஞ்ச நேரம் நிற்கும். 20 கிராம் போதும், கூடினால் துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். நிறம் கருநீலச் சாயலில் வரும். தயிர் சேர்த்தால் ஊதாவுக்கு வரும், பார்க்கவே அழகு. ஒரே ஒரு எச்சரிக்கை: நாட்டு மருந்துக் கடையில் 'நாவல் பொடி' என்று கேட்டால் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிற கொட்டைப் பொடியை நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது கசப்பு. பழச் சதையின் பொடி என்று பார்த்து வாங்க வேண்டும். விலை ஸ்ட்ராபெரியைவிடக் கொஞ்சம் குறைவாகவே எனக்குக் கிடைத்தது.

குற்றாலச் சீசனில் வருகிற மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் குக்கீயில் போட முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். அவற்றின் மணம் சூடு தாங்காது. சாரலில் நின்று உரித்துத் தின்னுங்கள்.

கணக்குக்கு வருவோம். 25 கிராம் ஸ்ட்ராபெரி பொடி 100 ரூபாய், 12 குக்கீ, ஆக ஒன்றுக்குப் பழச் செலவு மட்டும் 8 ரூபாய்க்கு மேல். வெண்ணெய், மைதா, கரண்டு எல்லாம் தனி. எசன்ஸ் போட்டால் இந்த 8 ரூபாய் சில காசுகளாகச் சுருங்கும். விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு இது கஷ்டமான கணக்குதான். நான் ஸ்ட்ராபெரியையும் நாவலையும் தனி விலையில் வைத்திருக்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, பிளம் கேக் நடுவில் இந்தச் செந்நிறக் குக்கீ நாலு இருந்தால் தட்டு திரும்பி வரும்போது, எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. வீட்டில் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தரம் சுடுகிறவர்களுக்கு 100 கிராம் பாக்கெட் தேவையில்லை, 50 கிராம் வாங்குங்கள். சில விற்பனையாளர்கள் 25 கிராமும் தருகிறார்கள், கிராம் விலை கூடத்தான் செய்யும், ஆனாலும் அதுவே நல்லது.

ஏன் நல்லது என்றால், இந்தப் பொடியின் பெரிய பலவீனம் காற்று. தண்ணீர் முழுக்கப் போன பொருள், காற்றிலிருந்து ஈரத்தை அள்ளி எடுக்கத் துடிக்கும். மழைக்காலத்தில் பாக்கெட்டைத் திறந்து அளந்துவிட்டு, அடுப்படி வேலை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் ஓரத்தில் கட்டி தட்ட ஆரம்பித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மடங்கு வேகம். கட்டியானது கெட்டுப்போனதில்லை, சல்லடையில் தேய்த்துப் பயன்படுத்தலாம். ஆனால் பசையாகிக் கறுத்துவிட்டால் வாசனை போய்விட்டது என்று அர்த்தம். பாக்கெட் வந்ததுமே 25, 25 கிராமாகச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் பிரித்து, காற்றுப் புகாமல் மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலத்தையும் போட்டு ஃபிரிஜில் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு புட்டி. ஃபிரிஜிலிருந்து எடுத்ததும் திறக்கக் கூடாது. குளிர்ந்த பொடி மேல் வெளிக்காற்று பட்டால் பனித்துளி இறங்கிவிடும். புட்டி வெளிச்சூட்டுக்கு வரும் வரை மூடியே இருக்கட்டும். அதுவரை வெண்ணெயை வெட்டிக்கொண்டிருக்கலாம்.

கத்திரியில் ஆர்டர் போடுவதையும் தவிர்க்கப் பாருங்கள். கூரியர் வண்டியிலும் கிடங்கிலும் நாலைந்து நாள் சூட்டில் கிடந்து வருகிற பாக்கெட்டுக்கும், தையில் வருகிற பாக்கெட்டுக்கும் நிறத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. வேனிலுக்கு வேண்டியதை மாசியிலேயே வாங்கி ஃபிரிஜில் வைத்துக்கொள்கிறேன். அந்த மாதங்களில் எப்படியும் சப்பட்டை வந்துவிடும், ஸ்ட்ராபெரி கேட்கிறவர்களும் குறைந்துவிடுவார்கள்.